ஃபைட்டர் மீன் வருவதற்கு முன்: ஒரு தொட்டியைப் பழக்கிய 41 நாட்கள்

போன தீபாவளி சமயத்தில் மகளுக்கு ஒரு ஃபைட்டர் மீன் வாங்கிக் கொடுத்தேன். நீலமும் சிவப்பும் கலந்த ஆண் மீன். கடையிலேயே இரண்டு லிட்டர் பிடிக்கும் கண்ணாடிக் கிண்ணம் ஒன்றும், அடியில் போட வண்ணக் கற்களும், ஒரு டப்பா தீனியும் சேர்த்துக் கொடுத்தார்கள். "இதுக்கு மோட்டார் எதுவும் வேணாம் சார், மேல வந்து காத்தையே குடிச்சுக்கும்" என்றார் கடைக்காரர். எங்கள் அடுக்குமாடியின் போர் தண்ணீரை நிரப்பி, அன்று மாலையே மீனை விட்டோம்.

மூன்றாம் நாள் அது துடுப்புகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டது. ஐந்தாம் நாள் தீனியைப் பார்த்தும் வரவில்லை. எட்டாம் நாள் காலையில் கற்களின் மேல் சாய்ந்து கிடந்தது. பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் மகள் அதைப் பார்த்துவிட்டாள். "நான் ஏதாவது தப்பு பண்ணேனாப்பா?" என்று கேட்டாள். அவள் எதுவும் செய்யவில்லை. செய்ய வேண்டியதைச் செய்யாதவன் நான்தான். அடுத்த மீன் இந்த வீட்டுக்குள் வருவதற்கு முன் அதற்கான தண்ணீர் தயாராக இருக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அந்தத் தயாரிப்பின் பதிவு இது.

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. ஃபைட்டருக்குச் செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு உண்டு. மேலே வந்து விழுங்கும் காற்றிலிருந்து அதனால் ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்ள முடியும். ஆனால் கழிவு வெளியேற அது உதவாது. மீனின் உடலில் உருவாகும் அம்மோனியா பெரும்பாலும் செவுள் வழியாகத் தண்ணீருக்குள்தான் போகிறது. மிச்சத் தீனியும் எச்சமும் அழுகி அதையே கூட்டுகின்றன. இரண்டு லிட்டர் தண்ணீரில் ஒரு வாரம் இது சேர்ந்தால், மேலே வந்து எவ்வளவு காற்று குடித்தாலும் பயனில்லை. தாய்லாந்தின் வயல்களிலும் சதுப்புகளிலும் கையளவு ஆழத்தில் வாழும் மீன்தானே என்பார்கள். ஆழம் கையளவுதான், ஆனால் அகலம் ஏக்கர் கணக்கு. அம்மோனியாவை உறிஞ்ச நெல்லும் பாசியும் இருக்கின்றன, அடியில் சேறு இருக்கிறது, சேற்றில் பாக்டீரியா இருக்கிறது. கிண்ணத்தில் இதில் எதுவுமே இல்லை.

அந்தப் பாக்டீரியாவைத் தொட்டிக்குள் வளர்த்தெடுப்பதைத்தான் மீன் வளர்ப்பவர்கள் சைக்கிளிங் என்கிறார்கள். ஒரு கூட்டம் அம்மோனியாவைத் தின்று நைட்ரைட் ஆக்கும். இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்டைத் தின்று நைட்ரேட் ஆக்கும். அம்மோனியா செவுளைப் புண்ணாக்கும். நைட்ரைட் ரத்தத்தில் கலந்தால் ஹீமோகுளோபினால் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாது, ரத்தமே பழுப்பாகிவிடும். நைட்ரேட் அந்த அளவுக்குக் கொடியதல்ல. வாரம் ஒரு முறை கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் கட்டுக்குள் நிற்கும். மீனை உள்ளே விட்டு அதன் கழிவிலேயே பாக்டீரியாவை வளர்க்கிறவர்களும் உண்டு. அந்த வாரங்கள் முழுக்க மீன் விஷத்திலேயே நீந்தும். ஒரு மீனை இழந்த பிறகு எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. மீன் இல்லாமல், அம்மோனியாவை மட்டும் ஊற்றிப் பழக்குவது என்று தீர்மானித்தேன்.

தொட்டியும் சாமான்களும்

ஒன்றரை அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம், 5 மில்லிமீட்டர் கண்ணாடி. கணக்குப்படி 42 லிட்டர் பிடிக்க வேண்டும். அடியில் கல் போட்டு, மேலே இரண்டு அங்குலம் காலி விட்டு (ஃபைட்டர் துள்ளும், மூடியும் அவசியம்) அளந்து ஊற்றியதில் 34 லிட்டர்தான் பிடித்தது. இந்த 34 என்ற எண்ணை மூடியில் ஒட்டி வைத்தேன். பின்னால் வரும் எல்லாக் கணக்கும் இதை வைத்துத்தான். பால்கனியில் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, கீழே செய்தித்தாள் விரித்துக் கசிவு பார்த்தேன். பிறகு தொட்டிக்கு அடியில் அரை அங்குலத் தெர்மாகோல் கொடுத்து மர ஸ்டாண்டில் ஏற்றினேன்.

ஃபில்டருக்கு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் சின்ன ஏர் பம்பும் போதும். ஃபைட்டரின் நீண்ட துடுப்புக்கு வேகமான நீரோட்டம் ஆகாது, ஸ்பாஞ்ச் ஃபில்டர் மெதுவாக இழுக்கும். பாக்டீரியா குடியிருக்கப் போவதும் அந்த ஸ்பாஞ்சில்தான். தண்ணீரில் மிதந்து திரிபவை மிகக் குறைவு. ஏர் டியூபின் நடுவே ஒரு செக் வால்வு போட்டேன். கரண்ட் போனால் தண்ணீர் டியூப் வழியாகப் பம்புக்குள் இறங்காமல் அது தடுக்கும். ஹீட்டர் வாங்கவில்லை. பெரம்பூர் வீட்டில் ஜனவரியிலேயே தொட்டித் தண்ணீர் 25 டிகிரி காட்டியது.

கூழாங்கல் ஒரு கைப்பிடி எடுத்து வினிகர் விட்டுப் பார்த்தேன். நுரைத்தால் சுண்ணாம்புக் கல் என்று அர்த்தம். நுரைக்கவில்லை. எட்டு முறை அலசிய பிறகுதான் தண்ணீர் தெளிந்தது.

அடுத்தது அம்மோனியா. சுத்தமான அம்மோனியம் குளோரைடு தேடினேன். இது நமக்குப் புதிதான பொருள் இல்லை. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் பழுக்கக் காய்ந்த பாத்திரத்தில் வெள்ளையாக ஒரு தூளைத் தூவித் தேய்ப்பார்களே, அந்த நவச்சாரம்தான் இது. தூவியதும் எழும் வெள்ளைப் புகையின் நெடி சின்ன வயதில் தெருவில் நின்று பார்த்த எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஆனால் நாட்டு மருந்துக் கடை நவச்சாரத்தில் வேறென்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் பாரிமுனைப் பக்கம் ஒரு ரசாயனக் கடையில் ஆய்வுக்கூடத் தரத்தில் 500 கிராம் பாட்டில் வாங்கினேன். அதைவிடச் சின்னது அங்கே இல்லை.

10 கிராமை நிறுத்து ஒரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்தேன். இப்போது ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் அம்மோனியம் குளோரைடு, அதாவது அம்மோனியாவாகக் கணக்கிட்டால் 3.2 மில்லிகிராம். என் 34 லிட்டரில் 2 பி.பி.எம். (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) வேண்டுமென்றால் 68 மில்லிகிராம் தேவை, ஏறக்குறைய 21 மில்லி. ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்ச் இதற்குப் போதும். பாட்டிலில் "விஷம், தொட்டிக்கு மட்டும்" என்று எழுதி, சமையலறைப் பக்கமே போகாமல் மேல் அலமாரியில் வைத்தேன்.

பரிசோதனைக்கு ஏ.பி.ஐ. நிறுவனத்தின் திரவக் கிட். குழாயில் எடுத்த தண்ணீரில் சொட்டு விட்டு, வரும் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு அளவைப் பார்க்க வேண்டும். காகிதப் பட்டைகளைவிட விலை கூடுதல்தான். ஆனால் இந்த வேலை முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத ஒன்றை நம்பி நடக்கிறது, அதில் கிட் மட்டும்தான் நமக்குக் கண். செலவைக் குறைப்பதானால் வேறு எங்கே வேண்டுமானாலும் குறையுங்கள், இதில் வேண்டாம்.

நாள் 1

பொங்கல் முடிந்த வாரம். தண்ணீர் நிரப்பும்போது வீட்டில் ஒரு விவாதம். "அந்த போர் தண்ணிதான்டா மீனைக் கொன்னுச்சு. இந்த வாட்டி குடிக்கிற தண்ணியையே ஊத்து" என்றார் அம்மா. எனக்கும் அது சரி என்றே பட்டது. போர் தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 900க்கு மேல், பி.எச். (அமிலம் கூடக் கூடக் குறையும் எண்) 8. அந்த பி.எச். பற்றி எனக்குப் புதிதாகத் தெரிந்த ஒன்றும் இருந்தது. தண்ணீரில் இருக்கும் அம்மோனியா முழுவதும் ஒரே அளவு விஷமில்லை. பி.எச். 7இல், 28 டிகிரியில், நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் கொடிய வடிவில் இருக்கும். அதே தண்ணீர் பி.எச். 8க்குப் போனால் அது ஏறக்குறைய ஒன்பது மடங்காகும், நூற்றில் ஆறரை. கிண்ணத்தில் மீன் அவ்வளவு சீக்கிரம் துவண்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

ஆகவே ஆர்.ஓ. தண்ணீர். வீட்டுச் சுத்திகரிப்பானில் பிடித்துப் பிடித்து 34 லிட்டர் சேர்க்க இரண்டு நாள் ஆனது. டி.டி.எஸ். மீட்டரில் 48. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தண்ணீர் இருப்பதே தெரியவில்லை, அவ்வளவு தெளிவு. 21 மில்லி ஊற்றி, பம்பை ஓடவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்துச் சோதித்தேன். அம்மோனியா 2. கணக்கு சரி.

நாள் 2 முதல் 9 வரை

அம்மோனியா 2, நைட்ரைட் 0. எட்டு நாளும் நோட்டில் இதே வரிதான்.

நடுவில் நான்காம் நாள் தண்ணீர் பாலில் ஒரு சொட்டு விட்டது போலக் கலங்கியது. "மாத்திடுடா, கெட்டுப் போச்சு" என்றார் அம்மா. அது கெட்டுப்போனதல்ல. நாம் வளர்க்க நினைப்பவை பெருகும் முன்பே, வேகமாகப் பெருகும் வேறு பாக்டீரியாக்கள் தண்ணீரில் கூட்டமாகும், பிறகு தானே அடங்கும். கையை வைக்கவில்லை. ஏழாம் நாள் தெளிந்துவிட்டது.

இந்த நாட்களில்தான் எங்கள் தெருமுனைப் பாதாம் மரத்தடியில் சிவந்து விழுந்திருந்த இலைகளைப் பொறுக்கி, கழுவி, நிழலில் காயவைத்தேன். மருந்து அடிக்காத மரம், வண்டிப் புகை அதிகம் படாத பக்கம் என்று பார்த்துப் பொறுக்க வேண்டும். இந்த இலையின் சாறு தண்ணீரைத் தேநீர் நிறமாக்கும். ஃபைட்டர் பிறந்து வளர்ந்த சதுப்பின் நிறமும் அதுதான். மீன் கடைகளில் இதையே காசு கொடுத்து வாங்குகிறார்கள், நம் தெருக்களிலோ துப்புரவு வண்டியில் போகிறது.

நாள் 10: உறை

அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர், மூன்று வருடமாக ஒரே தொட்டியை ஓட்டுகிறவர், நான் தினமும் எண்களைச் சொல்வதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பால்ல உறை ஊத்தாம தயிருக்குக் காத்திருந்தா எப்படி தம்பி? வீட்டுக்கு வாங்க, என் ஸ்பாஞ்சுல பாதி தர்றேன்."

அவர் சொன்னது எனக்கு அப்படியே விளங்கியது. உறை ஊற்றாத பாலிலும் காற்றிலிருந்தும் பாத்திரத்திலிருந்தும் ஏதோ வந்து சேரும், என்றைக்காவது புளிக்கும். ஆனால் எப்போது, எப்படி என்று சொல்ல முடியாது. ஒரு பெரிய வித்தியாசமும் உண்டு. தயிர் ஒரே இரவில் தோய்கிறது. இந்தப் பாக்டீரியா இரண்டு மடங்காகப் பெருகவே பல மணி நேரத்திலிருந்து ஒரு நாள் வரை எடுக்கும். அதனால்தான் உறை ஊற்றிய பிறகும் வாரக் கணக்கு.

அவர் தன் ஃபில்டர் ஸ்பாஞ்சைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக் கத்தரியால் பாதியாக வெட்டினார். வெட்டிய இடத்தில் காப்பிப் பொடி நிறத்தில் சேறு மேகம் போல எழுந்தது. "இதை அழுக்குன்னு நினைச்சு குழாய்த் தண்ணில கழுவிடாதீங்க. குளோரின் பட்டா அவ்வளவுதான்." எவர்சில்வர் தூக்கு ஒன்றில் அவர் தொட்டித் தண்ணீரையே ஊற்றி ஸ்பாஞ்சை அதில் போட்டு, மூடியை இறுக்காமல் மின்சார ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் என் புது ஸ்பாஞ்சோடு வெள்ளை நூலால் சேர்த்துக் கட்டினேன். ஒன்று முக்கியம்: நோய் இல்லாத தொட்டியிலிருந்து மட்டுமே இப்படி வாங்க வேண்டும். உறையோடு வெள்ளைப் புள்ளி நோயும் சேர்ந்து வரக்கூடும்.

நாள் 13 முதல் 22 வரை: நின்றுபோன இடம்

பதின்மூன்றாம் நாள் அம்மோனியா 1, நைட்ரைட் 2. சோதனைக் குழாயில் முதல் முறையாக ஊதா நிறம் பார்த்தபோது மகளை எழுப்பிக் காட்டினேன். பதினாறாம் நாள் அம்மோனியா 0.25, நைட்ரைட் 5. மறுபடி 21 மில்லி ஊற்றினேன். பதினெட்டாம் நாள் அம்மோனியா 1க்கு இறங்கியது. எல்லாம் ஓடத் தொடங்கிவிட்டது என்று நினைத்தேன்.

பத்தொன்பதாம் நாளும் 1. இருபதாம் நாளும் 1. இருபத்தொன்றிலும் அதே மஞ்சள் கலந்த பச்சை.

இந்த மூன்று நாளில் நான் சந்தேகப்படாத பொருள் இல்லை. ஏர் பம்ப் சரியாகத்தான் ஓடியது. வெப்பம் 26. ஸ்பாஞ்ச் காயவில்லை. யாரோ சோப்புக் கையை விட்டிருப்பார்களோ என்று வீட்டில் எல்லோரையும் கேட்டேன். அப்புறம்தான் கிட்டில் ஒரு பாட்டிலை முதல் நாளுக்குப் பிறகு நான் தொடவே இல்லை என்பது உறைத்தது. பி.எச். பாட்டில். முதல் நாள் 7 காட்டியிருந்தது. இப்போது மூன்று சொட்டு விட்டுக் குலுக்கினால் வெளிர் மஞ்சள். அட்டையில் அதுதான் கடைசி நிறம்: 6. அதற்குக் கீழே எவ்வளவு இறங்கியிருந்தாலும் அந்தக் கிட் சொல்லாது.

அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும்போது பாக்டீரியா அமிலத்தை வெளியிடுகிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனேட் அதைத் தாங்கிக்கொள்ளும். இந்தத் தாங்கும் சக்தியைத்தான் கே.எச். என்கிறார்கள். அது தீர்ந்ததும் பி.எச். சரியும். 6க்கு அருகில் வரும்போது பாக்டீரியாவின் வேலை கிட்டத்தட்ட நின்றுவிடும். கே.எச். கிட் தனியாக வாங்கிவந்து முதலில் குடிக்கிற ஆர்.ஓ. தண்ணீரைச் சோதித்தேன். முதல் சொட்டிலேயே நிறம் மாறிவிட்டது. ஒரு சொட்டு என்றால் ஒரு டிகிரி கே.எச்., அதாவது ஒரே டிகிரி, அதிகம் போனால். தொட்டித் தண்ணீரில் அதுகூட இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2 பி.பி.எம். அம்மோனியா முழுதாக மாறும்போது ஏறக்குறைய 0.66 டிகிரி கே.எச். செலவாகிறது. முதல் முறை ஊற்றியதற்கு 0.6 போனது. இரண்டாம் முறை பாதி வழியில் மிச்சமும் தீர்ந்தது. 1 பி.பி.எம்.மில் நின்றதற்குக் காரணம் அதுதான். எந்தப் பொருளும் பழுதாகவில்லை. அழுக்கு எதுவும் இருக்கக் கூடாது என்று நாங்கள் தேடி ஊற்றிய தண்ணீரில், பாக்டீரியாவுக்கு வேண்டியதும் இல்லாமல் போயிருந்தது. எத்தனை பேர் இப்படி ஆர்.ஓ. தண்ணீரை நிரப்பிவிட்டு, ஒரு மாதம் பார்த்துவிட்டு, சைக்கிளிங் எல்லாம் சும்மா என்று விட்டிருப்பார்களோ என்று அன்று இரவு நினைத்துக்கொண்டே இருந்தேன். இந்தப் பதிவை எழுதத் தூண்டியதே இந்த ஒரு விஷயம்தான்.

தீர்வு எங்கள் வீட்டுக் குழாயிலேயே இருந்தது. போர் தண்ணீரின் கே.எச். சோதித்தேன்: நிறம் மாற 14 சொட்டு. இருபத்திரண்டாம் நாள் தொட்டியிலிருந்து 17 லிட்டர் இறக்கிவிட்டு, 17 லிட்டர் போர் தண்ணீர் ஊற்றினேன். எங்கள் மேல்நிலைத் தொட்டியில் சில நாள் மெட்ரோ தண்ணீரும் கலக்கும், அதில் குளோரின் இருக்கும். ஆகவே முதல் நாள் இரவே வாளியில் பிடித்து, மீன் கடையில் ஆன்டி குளோரின் என்று விற்கும் சொட்டு மருந்தைப் போட்டு வைத்தேன். அந்த மருந்துகளில் பெரும்பாலும் இருப்பது சோடியம் தயோசல்பேட், பழைய ஸ்டூடியோக்காரர்கள் ஹைப்போ என்று சொன்ன அதே பொருள். ஊற்றிய பிறகு தொட்டியில் கே.எச். 7, பி.எச். 7.6.

போர் தண்ணீர் இல்லாதவர்கள் ஆப்ப சோடா பயன்படுத்தலாம். 34 லிட்டருக்கு ஒரு கிராம் போட்டால் ஏறக்குறைய ஒரு டிகிரி கே.எச். ஏறும். மீன் இல்லாத தொட்டியில் நான்கு கிராம்கூட ஒரே நாளில் போடலாம். மீன் இருக்கும்போது அப்படிச் செய்யக் கூடாது, பி.எச். திடீரென்று ஏறும்.

மறுநாள் மாலை அம்மோனியா 0. எலுமிச்சை மஞ்சள், ஒரு துளி பச்சை இல்லை. "அம்மா, நீ திட்டின தண்ணிதான் காப்பாத்துச்சு" என்றேன். "பாதிக்குப் பாதி கலந்தா ஆகும்னு யாருக்குத் தெரியும்" என்றார்.

நாள் 23 முதல் 34 வரை: நைட்ரைட்டுக்குக் காத்திருப்பு

இதுதான் பொறுமையை அதிகம் சோதிக்கும் கட்டம், எழுதுவதற்கோ குறைவாகத்தான் இருக்கிறது. நைட்ரைட் சோதனை 5 வரைதான் காட்டும். அதற்கு மேல் எவ்வளவு இருந்தாலும் ஒரே அடர் ஊதா. அதனால் 1 மில்லி தொட்டித் தண்ணீரோடு 4 மில்லி ஆர்.ஓ. தண்ணீர் கலந்து சோதித்து, வந்த எண்ணை ஐந்தால் பெருக்கினேன். இருபத்தைந்தாம் நாள் அப்படிப் பார்த்தபோது 1 வந்தது, அதாவது 5. முதல் கூட்டம் பட்டினி கிடக்கக் கூடாது என்பதற்காக 25, 28ஆம் நாட்களில் பாதி அளவு, 10 மில்லி மட்டும் ஊற்றினேன். அதற்கு மேல் ஊற்றினால் நைட்ரைட் குவிந்துகொண்டே போகும்.

இந்த இரண்டாம் வேலையைச் செய்வது நைட்ரோபாக்டர் என்றுதான் பழைய மீன் வளர்ப்புக் குறிப்புகளில் இருக்கும். 1998இல் டிமதி ஹோவனெக் குழுவினர் நன்னீர்த் தொட்டிகளை ஆராய்ந்து, அங்கே அதைச் செய்வது நைட்ரோஸ்பிரா வகை என்று காட்டினார்கள். கடையில் பாக்டீரியா பாட்டில் வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்கலாம். நான் அந்த வழிக்குப் போகவில்லை, அலுவலக நண்பர் கொடுத்த உறையே போதுமாக இருந்தது.

இருபத்தொன்பதாம் நாள் எங்கள் பகுதியில் பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மதியம் 2 வரை கரண்ட் இல்லை. பம்ப் நின்றால் ஸ்பாஞ்சுக்குள் ஆக்ஸிஜன் குறையும், குடியிருப்பவை சாகத் தொடங்கும். நான் அலுவலகத்தில். அம்மாதான் அரை மணிக்கு ஒரு தடவை ஒரு டம்ளரால் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றியிருக்கிறார், காப்பி ஆற்றுவது போல. அன்று மாலையே பேட்டரியில் ஓடும் சின்னப் பம்ப் ஒன்று வாங்கி வைத்தேன்.

முப்பத்தொன்றில் ஊதா கொஞ்சம் வெளுத்தது. முப்பத்து மூன்றில் 0.5. முப்பத்து நான்காம் நாள் காலை குழாயில் வானத்து நீலம். நைட்ரைட் 0.

அன்று நைட்ரேட்டையும் பார்த்தேன். மஞ்சள். பூஜ்யம். இத்தனை அம்மோனியா எங்கே போனது என்று திகைத்துப் போனேன். தவறு என்னுடையதுதான். நைட்ரேட் சோதனையின் இரண்டாம் பாட்டிலில் மருந்து அடியில் கட்டியாக இறங்கியிருக்கும். அதை அரை நிமிடம் விடாமல் குலுக்க வேண்டும், சொட்டு விட்ட பிறகு குழாயை இன்னும் ஒரு நிமிடம் குலுக்க வேண்டும். நான் அவசரத்தில் சும்மா இரண்டு தடவை ஆட்டியிருக்கிறேன். பாட்டிலை மேசை விளிம்பில் தட்டி, கை வலிக்கக் குலுக்கி மறுபடி சோதித்ததில் செம்மண் கரைத்தது போன்ற ஆரஞ்சு: 20. போர் தண்ணீரிலேயே 10 இருந்ததும் அப்போது தெரிந்தது.

நாள் 35 முதல் 40 வரை: பரீட்சை

தொட்டி தயாரா என்பதற்கு ஒரே பரீட்சைதான். 2 பி.பி.எம். அம்மோனியா ஊற்றினால் 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டும் பூஜ்யமாக வேண்டும். முப்பத்தைந்தாம் நாள் இரவு 8 மணிக்கு ஊற்றினேன். மறுநாள் 8 மணிக்கு அம்மோனியா 0, நைட்ரைட் 0.25. "இது போதும்ல?" என்றாள் மனைவி. ஒரே ஒரு ஃபைட்டர் ஒரு நாளில் வெளியிடுவது இதைவிட மிகக் குறைவு என்பதால் போதும் என்றும் சொல்லலாம். ஆனாலும் காத்திருந்தேன். முப்பத்தேழாம் நாள் மறுபடி ஊற்றினேன், மறுநாள் இரண்டும் 0. முப்பத்தெட்டில் இன்னொரு முறை, மறுபடி இரண்டும் 0. அந்த ஒரு லிட்டர் கரைசலில் எட்டில் ஒரு பங்குதான் செலவாகியிருந்தது.

நாற்பதாம் நாள் முக்கால் பங்குத் தண்ணீரை மாற்றினேன். பாதி ஆர்.ஓ., பாதி போர். நைட்ரேட் 10க்கு வந்தது. ஸ்பாஞ்சைத் தொடவில்லை. இரண்டு பாதாம் இலைகளை மிதக்கவிட்டேன்.

நாள் 41: கொளத்தூர்

ஞாயிற்றுக்கிழமை மகளோடு கொளத்தூர் போனேன். சென்னையில் வண்ண மீன் என்றால் கொளத்தூர்தான். வரிசையாகப் பிளாஸ்டிக் டம்ளர்களில் ஃபைட்டர்கள். அவளிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன்: நிறத்தைப் பார்க்காதே, விரலைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டு போ, எது திரும்பிப் பார்க்கிறதோ அதைப் பார். பத்துப் பன்னிரண்டு டம்ளர்களுக்கு முன் பொறுமையாக நின்றாள். குட்டைத் துடுப்பு வகை ஒன்று, செம்பு நிறம், விரல் போன பக்கமெல்லாம் செவுளை விரித்துக்கொண்டு வந்தது. ஒரு தீனி போட்டுக் காட்டச் சொன்னேன், உடனே கவ்வியது. அதையே எடுத்தோம்.

பையை அப்படியே கால் மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டேன். பிறகு பையைத் திறந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கால் டம்ளர் தொட்டித் தண்ணீர், ஏழெட்டுத் தடவை. கடைசியில் மீனை மட்டும் சின்ன வலையில் எடுத்து விட்டேன். கடைத் தண்ணீர் ஒரு சொட்டும் உள்ளே போகவில்லை. அது நேராக இலையின் அடியில் போய் நின்றது. விளக்கை அணைத்துவிட்டு எல்லோரையும் அந்த அறையிலிருந்து கிளப்பினேன். மறுநாள் காலை முதல் தீனி, இரண்டே இரண்டு உருண்டை.

முதல் ஏழு நாள் தினமும் சோதித்தேன். அம்மோனியா 0, நைட்ரைட் 0, ஏழு நாளும். மூன்றாம் நாள் இலையோரமாக மேற்பரப்பில் கடுகளவு குமிழிகளை ஒட்டி ஒட்டிக் கூடு கட்டியிருந்தது. ஆண் மீன் பருவம் வந்தால் கட்டும், அதை வைத்துத் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது, அதைச் சோதனைக் குழாய்தான் சொல்ல வேண்டும் என்று மகளுக்கு விளக்கினேன். அவள் அதற்குள் கூட்டை நோட்டில் வரைந்து முடித்திருந்தாள். இப்போது வாரம் ஒரு முறை 8 லிட்டர் மாற்றுகிறோம், பாதிக்குப் பாதி. கே.எச். சொட்டு எண்ணுவது அவள் வேலை.

தொட்டியின் பின் மூலையில் போன வாரம் இரண்டாவதாக ஒரு ஸ்பாஞ்சையும் டியூபில் இணைத்து ஓடவிட்டிருக்கிறேன். கீழ்வீட்டுப் பையன் தேர்வு முடிந்ததும் ஃபைட்டர் வாங்கப் போவதாகச் சொல்லியிருக்கிறான். தொட்டியை முதலில் வைக்கச் சொன்னேன். ஒரு மாதம் ஊறிய பிறகு அந்த ஸ்பாஞ்ச் அவனுக்கு.